பால் புத்தகம்

நோர்வூட்டுக்கு மேலே, ஆறாம் நம்பர் மலைக்குத் திரும்பும் முடக்கில்
ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு தராசு, ஒரு தொட்டி, நான்.
காலை ஐந்தரைக்குப் பனிக்குள்ளிருந்து
முதலில் கேனின் பிடி கிலுங்கும்,
பிறகுதான் ஆள் வரும்.

பாலைத் திருப்பி அனுப்ப
எனக்கு மூன்று காரணங்கள் தந்திருக்கிறார்கள்:
தண்ணீர் கலந்தது. புளித்தது. மருந்து வாடை.
சுவரில் ஒட்டியிருக்கிறது,
சிங்களத்தில் சரியாகவும்
தமிழில் எழுத்துப் பிழையோடும்.

தவமணி இன்று பிந்தி வந்தாள்.
இடுப்பில் சாக்கு. கொழுந்துக்குக் கட்டும் படங்கு இல்லை,
கிழிந்த சீனிச் சாக்கு. சாணிக் கறை. செம்மயிர்.
"கன்னுக்குட்டி படுத்த சாக்கு" என்றாள், நான் கேட்காமலே.
"இதக் கட்டிக்கிட்டுக் குந்தினாத்தான் சுரக்குறா.
மோந்து மோந்து பாத்துட்டு எறக்குறா."

காளைக் கன்று. பதினெட்டு நாள்.
ஞாயிற்றுக்கிழமை பெருமாள்சாமி வந்து
ஓட்டோவின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார்.
காலைக் கட்டியிருந்தது. தலை மட்டும் வெளியே,
ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் போல.
பெருமாள்சாமி வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாதவர்.
எங்கே என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.
கேட்காமலிருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

போன மாதம் டவுனில் ஊர்வலம்.
மாடறுக்காதே என்று பெனர். ஒரு முனையை நான் பிடித்திருந்தேன்.
மழை வந்தது, கடைக்குள் ஒதுங்கினோம்.
பன்னிரண்டு பால் தேத்தண்ணி என்று
உள்ளே பார்த்துச் சொன்னது என் குரல்.
நுரை மீசையோடு பேசிக்கொண்டே இருந்தோம்.
பெனர் மூலையில் சாய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது.
கத்தி யார் கையில் என்று எங்களுக்குத் தெரியும்.
கேன் என் கையில்.

தவமணியிடம் என்ன சொல்வது?
கொழுந்து குறைந்தால் அவளுக்கு அரைப்பேர்.
அதற்குமேல் மானாப்புல் அறுத்து, கட்டி, சுமந்து
கெண்டைக்காலில் அட்டையோடு இறங்குகிறாள்.
அட்டையைப் பிடுங்குவதில்லை.
"குடிச்சா தானா விழும். அதுக்கும் எங்கிட்டதானே இருக்கு."
அந்த வார்த்தையை ஒருநாள்
பசுவின் வாயில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தவில்லை. பசுவைக் கட்டியிருக்கிறது.

அவள் லயத்தில் யாரும் பால் குடிப்பதில்லை.
சாயத்தண்ணி, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி.
கறந்ததெல்லாம் லொறியேறி, இறங்கி,
எங்கோ மாவாகித் திரும்பி வரும்
கடைத் தட்டுக்கு, பெட்டியில், பசுவின் படத்தோடு.
படத்தில் கன்றும் நிற்கும்.

நான் மட்டும் என்ன.
என் மகளுக்கு இரண்டரை வயது.
பிள்ளைக் காம்பராவில் நிறுத்தபோது
புள்ளி சிவப்புக்குள் விழுந்தது.
மிட்வைப் மிஸ் அட்டையில், இது காகித அட்டை, எழுதினார்:
முட்டை, நெத்தலி, பால்.
ஒரு கைப்பிடி நெத்தலிக்கு எத்தனை கண் என்று
அன்றைக்கு நான் எண்ணவில்லை.
அவள் வாய் திறக்கிறாளா என்றுதான் பார்த்தேன்.

இன்று தவமணியின் பால் நாலரை லிட்டர்.
மானியை இறக்கினேன். இருபத்தெட்டு.
தண்ணீரில்லை. புளிக்கவில்லை. மருந்தில்லை.
நல்ல பால்.
மூடியைக் கையில் வைத்துக்கொண்டு
சுவரை இன்னொரு தரம் வாசித்தேன்,
எழுத்துப் பிழை உட்பட.
பின்னால் நாலு பேர். கீழே லொறி ஹோர்ன் அடித்தது.

ஊற்றினேன்.

'குறிப்பு' என்றொரு கட்டம் புத்தகத்தில் உண்டு,
ஆறு வருடமாக வெறுமையாக.
அதில் எழுதினேன்: காளைக் கன்று, பதினெட்டு நாள்.
பெரியவர் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வேனோ.
அரை லிட்டரை என் போத்தலுக்கு அளந்து
காசைப் பெட்டியில் போட்டேன்.

வீட்டுக்கு ஏறும்போது போத்தல் இன்னும் இளஞ்சூடு,
ஜேர்சிக்குள், வயிற்றோடு.
தவமணி எனக்கு முன்னால் போனாள்,
சாக்கை அவிழ்க்காமல்.
பொழுது சாயவும் கறக்கவேண்டும்.