சிறு கசிவு

டூசானில் ஜூன் மாதத்துக்கு
எரிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது.
காலை ஏழுக்கே நூறு டிகிரி.
கையுறை இல்லாமல் ஸ்பேனரைத் தொட்டால்
ஸ்பேனர் நம்மைத் திருப்பித் தொடும்.

ஹாலன்பெக் வீட்டின் பின்னால்
ஒக்கோட்டியோ முள்வேலிக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே
தொண்ணூற்றாறில் பிறந்த எந்திரம்
சற்றே சாய்ந்து நிற்கிறது,
காலை மாற்றி ஊன்றிய கழுதை போல.
"நானும் இதுவும் ஒரே மாதம் குடிவந்தோம்" என்கிறார் வெர்லின்.
"இதற்கு ஓய்வு கிடைத்துவிட்டது."
எழுபத்து நாலு வயதில் அவர் இன்னும்
ஆணிக் கடையில் பில் போடுகிறார்.

இதற்குள் ஓடும் வாயுவை
இப்போது யாரும் புதிதாகச் செய்யக் கூடாது.
மிச்சமிருப்பதை நகைக்கடை போல நிறுத்து விற்கிறார்கள்.
ஒரு முறை நிரப்பும் காசு
புதியதற்கு முன்பணம் ஆகும் என்று
போன வாரம் நான்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
அதே தொகையை மறுபடி பார்த்தார்.

மூடியைக் கழற்றினேன்.
காண்டாக்டரில் கருகி ஒட்டிய ஒரு பல்லி.
மூடியின் உட்புறம், வெயில் எட்டாத தகரத்தில்
மார்க்கரில் நாலு வரி:

2008. இரண்டு ராத்தல்.
2011. இரண்டு ராத்தல். சிறு கசிவு. கவனிக்கவும்.
2014. மூன்று.
2017. மூன்று.

கீழே உள்ளவை யாரோ எழுதியவை.
மேலே, இரண்டின் வாலைச் சுழித்து
மறுபடி தன்மேலேயே ஏற்றுகிறவள்
இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

வேலி அப்போது இல்லை. சுவருக்கும் வேறு நிறம்.
எனக்கு இருபத்திரண்டு, இருபத்தைந்து.
மதியத்துக்குள் ஆறு வீடு.
கசிவைத் தேடினால் இரண்டு மணி நேரம்,
நிரப்பினால் இருபது நிமிடம்.
கவனிக்கவும் என்று எழுதினேனே,
யார் கவனிக்க என்று எழுதவில்லை.

மீட்புப் பம்பு இரைய ஆரம்பித்தது.
சாம்பல் உடலும் மஞ்சள் தலையுமாகச் சிலிண்டர்
தராசில் உட்கார்ந்து கனத்தது.
ஐந்து ராத்தல், இரண்டு அவுன்ஸ்.
அதோடு முள் நின்றுவிட்டது.
பிறக்கும்போது எட்டு. ஊற்றியது பத்து.
எட்டும் பத்தும் பதினெட்டு.
இரண்டு அவுன்ஸ் குறையப் பதின்மூன்று ராத்தலை
நான் அண்ணாந்து தேடினேன்.
மேகமே இல்லாத நீலம்.
அங்கே எங்கோ, வெயிலின் நஞ்சை வடிகட்டும் துணியை
இழை இழையாய்ப் பிரித்துக்கொண்டு,
போன வழியெல்லாம் பூமிக்குக் கம்பளி போர்த்திவிட்டு,
இந்த வீட்டுப் படுக்கையறையின் குளிர்.

வெர்லின் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்தார்.
"முன்பு ஒரு பெண் வருவாள்.
சல்லிசாக முடித்துக்கொடுத்துவிட்டுப் போவாள்."

தம்ளரைக் கீழே வைத்தேன்.
"நான்தான். கசிவு தெரிந்தும் மூடிவிட்டுப் போனேன்."

அவர் தகரத்தைப் படித்தார்.
விரல் இரண்டாம் வரியில் நின்றது.
"இரண்டாயிரத்துப் பதினொன்று.
லொரெய்னுக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஜூலை.
நீ வந்துபோன அன்றைக்கு ராத்திரிதான்
அவள் விடியும்வரை தூங்கினாள்."
கொஞ்ச நேரம் கழித்து,
"அதற்கு எத்தனை ராத்தல் போடுவாய்?" என்றார்.
கோபமா, நன்றியா, எனக்குப் பிடிபடவில்லை.
அவருக்கும்தான் என்று நினைக்கிறேன்.

புதியதை இறக்கி வைத்தோம்.
இதன் வாயு அந்தத் துணியைத் தொடாதாம்.
லேசாகத் தீப்பிடிக்கும் என்று ஒரு சிவப்பு முக்கோணம்.
இதற்கும் ஒரு நாள் தேதி குறிப்பார்கள்.
பற்றவைத்த ஒவ்வொரு மூட்டிலும்
சோப்பு நுரை தடவி, முட்டி போட்டுக் காத்திருந்தேன்.
குமிழி இல்லை.
துடைத்துவிட்டு இன்னொரு முறை தடவினேன்.
அடுத்த வீட்டிலிருந்து இரண்டு முறை போன் அடித்தது.

உள்மூடியில் தேதி போட்டேன், எடை போட்டேன்.
மூன்றாவது வரியில்
ஒஃபேலியா பிரகமோன்டே என்று எழுதி
என் வீட்டு எண்ணையும் எழுதினேன்.

பழைய சிலிண்டரை வண்டியில் நிமிர்த்தி வைத்து
வார் கட்டினேன்.
ஐந்து ராத்தல், இரண்டு அவுன்ஸ்.
தெருமுனை வேகத்தடையில்
வண்டி ஏறி இறங்கும்போது
பின்னால் கை நீட்டிப் பிடித்துக்கொண்டேன்,
எட்டாது என்று தெரிந்தும்.