சி படிவம், அறை பதினான்கு

வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கினால்
ஒரு நாளைக்குள் போலீசுக்குப் போக வேண்டிய தாள்.
'வந்த ஊர்' என்ற கட்டத்தில்
பரிசால், வங்காளதேசம் என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்தவள்
இவ்வளவுதான் இடமா என்றாள்,
என் இந்தியைவிட நொண்டும் இந்தியில்.

ஷெஃபாலி ஹால்தார். கூட வந்தவர் நிரஞ்சன், கணவர்,
இரண்டு சிறுநீரகமும் கைவிட்டவர்.
பஸ், பெனாப்போல் எல்லை, ஹவுரா,
பிறகு ரயில், ரயில், காட்பாடி.

முதல் சாயங்காலமே மொட்டைமாடியில் நின்று
மழை வருது, துணியை எடுங்க என்று கத்தினாள்.
ஓடிப்போய்ப் பார்த்தேன்.
பாலமதி மலை.
வானத்தின் அடியில் கறுப்பாக எது நின்றாலும்
அவள் ஊரில் அது மேகம்.

கல்லே கிடையாதாம் அங்கே.
வீடு கட்டச் செங்கல்லைச் சுட்டு
சுட்டதையே உடைத்து ஜல்லியாக்குவார்களாம்.
நாங்கள் மலையை உடைக்கிறோம் என்றேன்.
சொல்லி வைத்த மாதிரி குவாரியில் வெடி போட்டார்கள்.

அவள் திடுக்கிடவில்லை.
அந்தக் காலத்தில் எங்கள் பக்கமும் கேட்குமாம்:
அடைமழையில், கடல் திசையில், பீரங்கிச் சத்தம்.
கப்பல் இல்லை, சண்டை இல்லை.
யார் சுட்டது என்று
வெள்ளைக்காரன் எழுதி எழுதிப் பார்த்தும் பிடிபடவில்லை.

எங்கள் பீரங்கிக்குத் தேதி உண்டு என்றேன்.
ஆயிரத்து எண்ணூற்று ஆறு, ஜூலை பத்து.
ஆற்காட்டிலிருந்து குதிரைகள் இழுத்து வந்தவை
கோட்டைக் கதவைப் பிளந்தன.
சுடச் சொன்னவன் பேர் புத்தகத்தில் இருக்கிறது.
விழுந்த சிப்பாய்களின் பேரைக் கேட்டாள்.
ரசீதுப் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி
கொஞ்ச நேரம் பாவனை செய்தேன்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸ்.
அந்த நான்கு மணி நேரத்தை
அகழி ஓரம் நடந்து தீர்ப்பாள்.
இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?
எங்கேயும் போகாது.
பாவம், என்றாள். தண்ணீரைத்தான்.

பாலாற்றுப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி
ஆறு எங்கே என்று கேட்டிருக்கிறாள்.
லாட்ஜ் முதலாளி தணிகாசலத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு,
இதாம்மா எங்க வேலூரு, என்றார்.
சாமி வந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது;
பழமொழிக்கு இன்னும் தகவல் போகவில்லை.

அவளும் விடவில்லை:
தான், நதி, கால், இந்த மூன்றும் பரிசால்.
நதி புரிந்தது.
கால், வெட்டிய கால்வாய் என்றாள்; அதுவும் நம் வாய்க்கால்தான்.
தான் என்றால்?
நெல், என்று பொட்டலத்திலிருந்து
ஒரு பிடி அரிசியை அள்ளிக் காட்டினாள்.
இருப்பதை எண்ணி ஓர் ஊர்,
இல்லாததை எண்ணி ஓர் ஊர்.
ராத்திரி முழுக்க
எது கெட்டிக்கார ஊர் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்,
பன்னிரண்டு அறைச் சாவிகளுக்கு முன்னால்.

ஐம்பத்தொரு நாள். விசா முடிந்தது.
கிளம்பும் பையில் பாலமதி அடிவாரத்துக் கல் ஒன்று,
தேங்காய் அளவு.
ரயிலில் கனக்குமே என்றேன்.
இவரைவிடவா, என்றாள்.
நிரஞ்சன் சிரித்தார், எனக்குத் தெரிந்து ஒரே முறை.

ஐப்பசி கடைசியில் பாலாறு வந்தது.
கரைக்குக் கரை, காவி நிறத்தில்,
வேரோடு தென்னை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
ஊரே பாலத்தில்.
நானும் படம்பிடித்து அனுப்பினேன்.
அங்கிருந்து நாலு வினாடிக் குரல்:
லாஞ்ச் விடுவாங்களா?

அவரைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
கல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

பாசி பிடித்திருக்கிறது, என்றாள்.