லான்செஸ்டனில் ஒரு நரி

பகலில் நான் இரத்தம் எடுப்பவள்.
மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
"சின்னக் குத்துதான், எறும்பு கடிச்ச மாதிரி" என்று
நாளுக்கு நாற்பது பேரிடம் பொய் சொல்வேன்.

வியாழன் மாலைகளில்
அதே கையில் வேறு ஊசி.
இதற்குக் காது கிடையாது,
நூல் சொல்லி இது எதையும் கேட்டதில்லை.
உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத முள்.
போகும்போது கம்பளி இழையைக் கூட்டிக்கொண்டு போகும்,
வரும்போது உள்ளேயே விட்டுவிட்டு வரும்.
ஆயிரம் தடவை போய்வந்தால்
உதிரிப் பொதி தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு
யாரோ ஒருவராக ஆகிவிடும்.

நூலகத்தில், குழந்தைகள் மூலையில் ஒரு மேசை.
பருவம் மாறினால் அதன் மேல் காடு மாறும்.
கோடைக்குத் தேனீக்கள், ஒரு சோம்பேறிப் பல்லி.
போன குளிர்காலத்துக்கு மெர்ரின் செய்த ஆந்தை
ஒரு கண்ணால் மட்டும் தூங்கியது.

இப்போது சித்திரை.
வெயில் ஏற வேண்டிய மாதத்தில்
டேமர் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறிவருகிறது.
எனக்கு வருடம் பிறக்கிறது,
தெருமரங்கள் கணக்கை முடிக்கின்றன.
பச்சடி கிண்டி ஒரு டப்பாவில் கொண்டுபோனேன்.
மெர்ரின் அதை ரொட்டியில் தடவித் தின்றாள்.

யூகலிப்டஸ் இலையைக் கம்பளியோடு கொதிக்கவிட்டால்
பச்சையிலிருந்து ஆரஞ்சு இறங்குகிறது.
முதல் தடவை மூடியைத் திறந்தபோது
வேறு யாரோ அடுப்பில் எதையோ மாற்றி வைத்துவிட்டதாக நினைத்தேன்.
அந்த நிறத்துக்கு நரியைத் தவிர
வேறு உருவம் தோன்றவில்லை எனக்கு.

மூன்று வாரம்.
காதுகளுக்கு மட்டும் ஒரு வாரம்.
வால்நுனிக்கு மெர்ரினின் ஆட்டிலிருந்து வெள்ளை.
இடது கட்டைவிரலில் இரண்டு சொட்டு:
இத்தனை வருடத்தில்
லேபிள் ஒட்டாமல் நான் விட்ட ஒரே இரத்தம்.

மேசையில் வைத்தேன்.
மெர்ரின் கண்ணாடியைக் கழற்றினாள்.
"அழகா இருக்கு, ஆங்கி. ஆனா இந்தத் தீவுல நரி கிடையாது.
வரவும் விடமாட்டோம்."
வனத்துறையில் ஓய்வுபெற்ற டெரி
தேநீரைக் கீழே வைத்துவிட்டு
நரியைப் பார்த்தார், பிறகு என்னை.
நரியின் முகத்தில் இருந்தது எனக்குத் தெரிந்த முகம்.
விசா மறுத்த கடிதத்தோடு
இரண்டு தடவை நானே அதைப் போட்டிருக்கிறேன்.

ஆங்கி என்றால் அங்கயற்கண்ணி.
மதுரைக்காரி.
எங்கள் ஊரில் நரிகளைப் பரிகளாக்கி
ராஜாவின் லாயத்திலேயே கட்டியிருக்கிறார்கள்.
ஒரு வாம்பட் எம்மாத்திரம்?

சமையல்மேடையில் வைத்துக் காதை நறுக்கினேன்.
மூக்கை உள்ளே தள்ளினேன்.
வாம்பட்டுக்கு வீரமெல்லாம் பின்புறத்தில் என்று டெரி சொன்னார்,
வாலை மடித்து அங்கே வைத்தேன்.
மேலே பழுப்புக் கம்பளி, இன்னும் பழுப்பு,
குத்து, திருப்பு, குத்து.
ஓர் ஊசி உள்ளே முறிந்தது,
தேடி எடுக்க அரைமணி நேரம்.
விடியும்போது
வாடகை கட்டாமல் படுத்திருப்பவன் போல ஒருவன்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.
ஃபின் என்ற பையன் குனிந்து மோந்துபார்த்துவிட்டு
"இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றான்.
கம்பளிதான் என்றேன்.
அன்றைய நாற்பத்தொன்றாவது.

பரிகளின் கதையில் சிக்கல் வருவது இரவில்.
கடைசியாய்க் கிளம்புகிறவள் நான்.
விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்து வந்து
மேசையருகே நின்றேன்.
பிடரியில், பழுப்பைத் துளைத்துக்கொண்டு
ஓர் ஆரஞ்சு இழை.
பக்கத்தில் இன்னொன்று.

பையில் ஊசி இருந்தது.
வெளியே மழை பிடிக்கும்போல் இருந்தது.
ஜூன் வரைக்கும் மேசை அவனுடையது.
கடைசி விளக்கையும் அணைத்தேன்.