விரலை மறுபடி வையுங்கள்

செவ்வாயும் வெள்ளியும் ரேஷன் கடை.
அரிசி மூட்டைக்கு முன்னால்
நான் தூக்குவது இந்தக் கறுப்பு மிஷினை.
கடைக்குள் அதற்கு உயிர் இல்லை.
வாசலில் ஒரு கோடு காட்டும், அழிக்கும்.
பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டி
கரும்புக் கொல்லை வரப்போடு நடந்து
எல்லைக்கல்மேல் கொண்டுபோய் வைத்தால்
நகரி மலைப்பக்கத்து ஆந்திரா டவர்
மூன்று கோடு தரும்.

எங்கள் அரிசி, எங்கள் விரல்.
நடுவில் காற்று மட்டும் அடுத்த மாநிலம்.

அதனால் வரிசை இப்போது கொல்லையில்தான்.
முதல் ஆள் ஏகவல்லி.
செங்கல் சூளையில் தேய்ந்த கட்டைவிரல்.
வட்டம் சுற்றுகிறது.
சுற்றுகிறது.
விரலை மறுபடி வையுங்கள் என்கிறது மிஷின்.
அடுத்த விரல். அதற்கடுத்தது.
நாலாவதை நீட்டிக்கொண்டே சொல்கிறாள்:
"இதுவும் ஆவலன்னா
கால்ல பத்து இருக்கு, வச்சுப் பாரு."

எனக்கு இந்த வட்டம் பழக்கம்.
பத்தாம் வகுப்பு மார்க் பார்க்க
பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினேன்.
பிரவுசிங் சென்டரில் பதினைந்து ரூபாய்,
முப்பது பேருக்கு ஒரு திரை.
மெட்ராஸ் பிள்ளைகள் ஒன்பதரைக்கே
அழுதோ சிரித்தோ முடித்திருந்தார்கள்.
நான் மதியம் மூன்றரைக்குத் தேறினேன்.

பிறகு பட்டன் போன்.
தெற்கே தள்ளி நின்றால் நம் டவர்,
கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல்.
வடக்கே தெளிவு, ஆனால் ரோமிங்.
வீட்டுக்காரரோடு சண்டையைக் கிணற்றில் போட்டேன்.
கர்ப்பம் என்ற சேதியை மட்டும்
காசு கொடுத்துச் சொன்னேன்.

மூன்று என்றார்கள், நான்கு என்றார்கள், ஐந்து.
ஒவ்வொரு எண்ணும்
அங்கே பழசான பிறகு இங்கே புதுசு.

போன மாதம் திருத்தணியில் கூட்டம்.
அதிகாரி சுவரில் வரைபடம் போட்டார்.
தொடர்பு உள்ள ஊரெல்லாம் பச்சை.
தேடினேன். எங்கள் ஊரும் பச்சை,
கரும்பைவிடப் பச்சை.
கை தூக்கினேன்.
"குறையை ஆன்லைன்ல பதிவு பண்ணிடுங்கம்மா" என்றார்.

இன்று வெள்ளி.
ஏகவல்லியின் ஏழாவது விரலில் இருக்கிறோம்.
டவருக்கு என்ன தோன்றியதோ,
தேக்கி வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் அனுப்புகிறது.
வரிசையில் பத்துப் பன்னிரண்டு போன்கள்
மழைக்குப் பிந்தைய தவளைகளாய்க் கத்துகின்றன.
கஜபதியின் போனில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி.
நேர்காணல். சான்றிதழ்களோடு வரவும்.
இன்று காலை பத்து மணி.

அனுப்பியது செவ்வாய்க்கிழமை.

"எந்த இன்னிக்குக்கா?" என்று கேட்கிறான்.
அக்குளில் மடித்த கோணிப்பை அப்படியே இருக்கிறது.
ஏகவல்லி நகர்ந்து வழி விடுகிறாள்.
அவன் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் வைக்கிறேன்.
முதல் தடவையிலேயே ஏற்கிறது:
அரிசி இருபது கிலோ.
சர்க்கரை இரண்டு.
துவரை இன்னும் வரவில்லை.