சாட்சியின் வினைமுற்று

என் மொழியில் 'நேற்று வந்தேன்' என்று சொல்ல
இரண்டு விகுதிகள்.
ஒன்று என் அப்பாவுடையது,
ஒன்று என் அக்காவுடையது.
ஒரே சொல்லில் சொல்லிவிடும் மொழிகளும் உண்டாம் உலகில்.
எனக்கு நேற்று என்பதே கிடையாது.
வூச் நகரத்தில் பதினோரு வருடமாக
நிகழ்காலத்தில் வாடகைக்கு இருக்கிறேன்.

"எப்ப வந்தீங்க?"
"ஏழு மணியிலிருந்து இங்கேதான் நிற்கிறேன்."
"சாப்பிட்டாச்சா?"
"பசி இல்லை."
இப்படிச் சுற்றிச் சுற்றிப் பேசுவதில்
பேக்கரிக்காரர்கள் என்னைக்
கவிதை எழுதும் ஆள் என்று நினைக்கிறார்கள்.

காப்பிக்கடைக் கழிப்பறைகளில்
ஒரு கதவில் முக்கோணம், ஒரு கதவில் வட்டம்.
எது யாருக்கென்று ஊருக்கே தெரியும்.
பள்ளியிலிருந்தே வடிவியலில் நான் மட்டம்.
பாதிக் கோப்பையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடையாள எண்ணில் பத்தாவது இலக்கம்
ஒற்றைப்படை என்றால் ஆண்
இரட்டைப்படை என்றால் பெண்.
என்னுடையது ஆறு.
தலைகீழாகப் பிடித்தால் ஒன்பது.
மருந்துக்கடைப் பெண்
அட்டையை நேராகத்தான் பிடிக்கிறாள்.

வியெஸ்வாவா மட்டும்
சுவரில் ஒட்டிய இரண்டு விலைப்பட்டியலையும் பார்க்காமல்
கடிகாரத்தைப் பார்க்கிறாள்:
"இருபது நிமிஷம். நாற்பது ஸ்லோட்டி."
காதோரம் கத்தரி குளிர்கிறது.
மாதம் ஒருமுறை
எனக்கு முடி வேகமாக வளர்கிறது என்று பொய் சொல்லி
இரண்டு முறை போகிறேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை
ஸ்கியெர்ஸ்கா தெரு நிறுத்தத்தில் மழை.
வெள்ளை வேன் சிக்னல் காட்டாமல் திரும்புகிறது.
சைக்கிளில் வந்த பெண் விழுகிறாள்.
சிவப்பு ஹெல்மெட் உருண்டு
தண்டவாளத்தில் முட்டி நிற்கிறது.
மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.
நீலச்சாயம் பூசிய நகங்கள்
என் உள்ளங்கையில் இறங்குகின்றன.
"என் சைக்கிள் எப்படி இருக்கு?"
அதையே மூன்று முறை கேட்கிறாள்.

ஆம்புலன்ஸ் போனபின் காவலர் குயாவா வருகிறார்.
ஐயா என்று தொடங்கி
அம்மா என்று திருத்தி
கடைசியில் இருமிக்கொள்கிறார்.
"என்ன பார்த்தீங்க?"

வேன் திரும்புகிறது, அவள் விழுகிறாள், ஹெல்மெட் உருள்கிறது...

"இப்ப ஒண்ணும் உருளலையே.
நடந்ததைச் சொல்லுங்க.
கோர்ட்டுக்கு இறந்தகாலம்தான் வேணும்."

வாய் திறக்கிறது.
இரண்டு விகுதியும் நாக்கின் நுனியில்
நெருக்கியடித்து நிற்கின்றன,
திறக்காத கவுன்டர் முன்னால் நிற்பதுபோல.
அவர் என் தலையைப் பார்க்கிறார்,
கோட்டைப் பார்க்கிறார்,
காலணி அளவைக்கூடப் பார்க்கிறார்.
தாளில் மழை சொட்டுகிறது.
பெருமூச்சு விட்டு எழுதுகிறார்:
காணப்பட்டது.

காவல் நிலையத்துப் பழைய மொழி.
காட்சி உண்டு, கண்ட ஆள் இல்லை.
அதில் எனக்கு ஒதுங்க இடமிருக்கிறது.
கீழே கையெழுத்திடுகிறேன்: வ்ரூபெல்.
சிட்டுக்குருவி என்று பொருள்.
வால் இருந்தும் விகுதி ஒட்டாத பெயர்.

டிராமில் ஏறும்வரை நிம்மதி.
உட்கார்ந்ததும் கோபம்.
காணப்படவில்லை ஐயா,
இந்தக் கண்கள்தான், இந்த ஜோடி.
உள்ளங்கையில் இன்னும் நாலு பிறைகள் இருக்கின்றன.
அவற்றை எந்த அறிக்கையில் எழுதுவீர்கள்?

மூன்றாவதாக ஒரு விகுதி இருக்கிறது.
குழந்தைக்கும் ஜன்னலுக்கும் சூரியனுக்கும் உரியது.
பள்ளிப் புத்தகத்தில் அதன் தன்மை ஒருமைக்கு நேராக
ஒரு சின்னக் கோடு மட்டும்.
ஜன்னல் எங்கே 'நான்' என்று பேசப்போகிறது
என்ற நம்பிக்கை.

ஜன்னல் கண்ணாடியிடம்
அந்த விகுதியை வைத்து மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன்:
பார்த்தேன்.
கண்ணாடியில் ஆவி படிகிறது.

எதிர் இருக்கையில் பன்னைக் கடித்துக்கொண்டிருந்த குழந்தை
நிமிர்ந்து கேட்கிறது:
"எதை?"

அந்தச் சிவப்பு ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பித்தேன்.
சொல்லி முடிப்பதற்குள்
இறங்க வேண்டிய நிறுத்தத்தை
இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.