இரவல் வண்டி

ஸ்டியரிங் ராக் பூனாவிலிருந்து வரணும்,
பதினோரு நாள் என்றார் மந்திரமூர்த்தி.
வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்பில்
முன்சக்கரம் இரண்டும் கழன்று
கட்டைமேல் நிற்கிறாள் என் சிவப்பி.

"அதுவரைக்கும் இத வச்சிக்கிடுங்கக்கா, ஓடும்லா."
இது
சாம்பல் நிற ஆம்னி.
பள்ளிக்கூடச் சவாரி அடித்த வண்டி.
பின்சீட்டில் பழைய வாந்தி வாசம்,
கண்ணாடியில் பாதி கிழிந்த மயில் ஸ்டிக்கர்.

மூன்றடைப்பு தாண்டி
நாற்கரச் சாலை நேராக விழுந்ததும்
இடது கை தானாக ஆறாவது கியரைத் தேடுகிறது.
இதற்கு நாலுதான்.
அறுபதைத் தொட்டால்
கதவு முதலில் நடுங்குகிறது, பிறகு நான்.
வாழைத்தார் ஏற்றிய குட்டியானை
ஆரன் அடித்து, ஒதுங்கச் சொல்லி, முந்துகிறது.
என்னை.

நாங்குநேரி டோல்கேட்டில்
கடலைமிட்டாய் விற்கிற பையன் எட்டிப் பார்த்தான்.
"வண்டிய வித்துட்டியளாக்கா?"
இல்லடே என்றேன்,
கொஞ்சம் சத்தமாக.

மெதுவாகப் போனால் நாலும் கண்ணில் படும் என்பார்கள்.
பட்டது.
குளத்தில் தண்ணீர் இல்லை,
ஒரு பனைக்கு மண்டை இல்லை,
நுங்குக் கடைக்காரர் கொட்டாவி விடுகிறார்.
போதும்.

பணகுடிக் காற்றாலையில் இரவு ஷிப்ட்.
பத்து மணிக்குப் போன் போட்டேன்.
"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே."
"இந்நேரத்துலயா?"
பொடியனை ஏறி மிதிக்கச் சொல்லி
சைலன்சர் பக்கம் போனைப் பிடித்தார்.
முதலில் ஒரு இருமல்.
பிறகு
அடித்தொண்டையிலிருந்து அந்தக் கரகரப்பு.

தலைக்குமேல் இறக்கைகள் இரைய
ஒரு காதைப் பொத்திக்கொண்டு
ஆம்னிக்கு முதுகைக் காட்டி நின்று
கேட்டேன்.