ஒரு கரண்டி

முதலில் வாடைதான் சொல்லும்.
நல்ல நாளில் புளித்த தோசைமாவு.
கெட்டுப்போனால் நகப்பூச்சு அழிக்கும் திரவம்.
வெள்ளிக்கிழமை காலை யோகட் கப்பின் மூடியைத் திறந்தேன்.
நகப்பூச்சு.

ஒரு வாரமாகப் பண்டாரவளைக்கு வெயில் வரவில்லை.
மூடுபனி தபால் கந்தோருக்குள் நுழைந்து
முத்திரை வாங்க வந்ததுபோல்
என் கவுண்டருக்கு முன்னால் நின்றது.
ஓட்ஸ் கஞ்சியில் நான் வளர்த்த நுண்புழுக்கள்,
கப்பின் சுவரில் ஏறி
பட்டுநூல் அவிழ்வதுபோல் நெளிந்தவை,
அடியில் மஞ்சள் நீராய்க் கிடந்தன.

பின்பக்கம் நீலப் பேசினும் இல்லை.
முந்தின நாள் டெங்கு பார்க்க வந்த
பீ.எச்.ஐ. ஐயா அதற்குள் டோர்ச் அடித்து
"மதுருவோ?" என்றார்.
இல்லை சேர், இது நீர்த்தெள்ளு,
பச்சைத் தண்ணீரைக் குடிக்கும், ஆளைக் கடிக்காது,
கொசுப்புழு தலைகீழாய்த் தொங்கும்,
இது தத்தித் தத்திப் போகும், பாருங்கள் என்று
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.
பார்த்தார். தலையாட்டினார்.
தண்ணீர் தண்ணீர்தானே என்று கவிழ்த்தார்.
ஆறு மாதத் தண்ணீர் கானில் இறங்கி
ரயில் பாதைப் பக்கம் போனது.
வழியெல்லாம் அவை
தத்திக்கொண்டேதான் போயிருக்கும்.

உள்ளே, மஞ்சள் பல்பின் சூட்டில்,
ஆண் ஃபைட்டர் கட்டிய நுரைக்கூடு கரைந்து
நாலு நாள் குஞ்சுகள்
நேராக நீந்தத் தொடங்கியிருந்தன.
ஒவ்வொன்றும் இரண்டு கண், ஒரு பசி.
நடுவில் உடம்பென்று சொல்ல ஒன்றுமில்லை.
அவித்த முட்டை மஞ்சளைத் துணியில் பிழிந்து விட்டேன்.
தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம்.
அசைவதைத்தான் அவை தின்னும்.
அசையாதது அவற்றுக்கு உலகத்திலேயே இல்லை.

சவரிமுத்துவிடம் இருக்கும்.

சவரிமுத்துவோடு நான் பேசிப் பதினான்கு மாதம்.
பெட்டை என்று அவர் விற்ற சிவப்பு மீன்
மூன்றாம் வாரம் செவுளை விரித்து
என் நீலத்தின் வாலைக் கந்தலாக்கியது.
கொண்டுபோய் சலூன் மேசையில் வைத்து,
ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாராமல்,
மீனில் ஆண் பெண் தெரியாத ஆள்
கத்தியைப் பிடிக்கலாமா என்றேன்.
அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கவில்லை.
காசை அவர் திருப்பித் தரவில்லை.

மத்தியான இடைவேளையில்
கழுவிய கப்போடு அதே வாசலில் நின்றேன்.
பாதி முகம் நுரையில் ஒருவர்
கழுத்தை நீட்டியபடி என்னையே பார்த்தார்.
சவரிமுத்து கத்தியைத் துடைத்தார்.
கப்பைப் பார்த்தார்.
"எத்தன நாள் குஞ்சு?"
"நாலு."
பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால்,
சுடுதண்ணிக் கேத்தலின் கதகதப்பில் இருந்த
பிஸ்கட் டின்னைத் திறந்தார்.
புளித்த தோசைமாவு.
சுவரெல்லாம் நெளிவு.

"இது ஒங்களோடதுதான்.
சண்டைக்கு முன்னாடி நீங்க குடுத்த கரண்டி."

பத்து நாளைக்கு ஒரு தடவை
கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, மாற்றி,
அத்தனை தடவையும் என்னைத் திட்டியிருப்பார்.
கணக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

நன்றி தொண்டைவரை வந்தது.
நுரைமுகக்காரர் இருந்ததால் திரும்பிப் போனது.
"மூடியில ஓட்டை பெருசு, ஈ முட்ட வைக்கும்" என்றேன்.
"சரி" என்றார்.

கண்ணாடிக்கு முன்னால் ஜாம் போத்தலில்
அந்தச் சிவப்பன் இருந்தான்.
தன்னையே பார்த்துச் செவுள் விரித்து
முட்டி, விலகி, மறுபடியும் முட்டி.
"காலையிலருந்து இதே வேலதான்,"
சவரிமுத்து பழைய பேப்பரை மடித்து
போத்தலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகினார்.
"அரை மணித்தியாலம் ஓய்வு."

இரவு, தீக்குச்சி நுனியால் சுவரை வழித்துத்
தண்ணீரில் தொட்டேன்.
புழுக்கள் மெதுவாய் இறங்கின.
கண்கள் திரும்பின.
கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குப் பின்னால்
ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளை வயிறு வந்திருந்தது.

ஒரு கரண்டியை வேறு கப்பில் மாற்றி வைத்தேன்.
யாருக்கென்று இன்னும் முடிவில்லை.
பீ.எச்.ஐ. ஐயாவின் மகள்
கப்பி வளர்க்கிறாளாம்.